தொலைந்து மீண்ட சிறுகோள்

பூமியின் அயலுக்கு வரும் சிறுகோள் ஒன்று முதன்முதலாக அறியப்பட்டது 1898 ஆம் ஆண்டிலாகும். பேர்லின் நகரில் குஸ்தாவ் விற் கண்ட அதற்கு ஏரொஸ் என்று பெயரிட்டனர். இத்தகைய கோள்களைக் காண்பதினும் அவற்றின் பாதையைத் துணிதலே அரிது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று.

1937 ஒக்தோபர் 28 ஆந் தேதி, ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கிலே கார்ல் ரைன்முத் எடுத்த ஒளிப்படத் தகட்டில் வழக்கத்துக்கு மாறான நீண்ட கோடொன்று காணப்பட்டது. கோட்டின் நீளம் அப்பொருளின் விரைந்த நகர்வையும், அந்நகர்வு அதன் அண்மையையும் உணர்த்தின. இரு நாட்களின் பின் அது ஏறக்குறைய 7,40,000 கிலோமீற்றர் தொலைவில், அஃதாவது சந்திரனின் தூரத்தைப்போல் இருமடங்கு தூரத்தில், பூமியைக் கடந்து சென்றது. ஹேர்மிஸ் எனப் பெயர்பெற்ற அச்சிறுகோள் பின்னர்க் கண்ணுக்குத் தப்பியது.

1801 இல் பியாசி கண்டு இழந்த சீரிஸ், காவுஸ் என்னும் கணித மேதையின் கணிப்பால் அவ்வாண்டு முடியுமுன்னரே மீட்கப்பட்டது. பியாசி அதனை ஆறு வாரமளவில் நோக்கிக் குறித்திருந்தார். ஹேர்மிசுக்கோ சில நாட் குறிப்புகளே எஞ்சின. ஆதலின் அது மீளக் காணப்பட 66 ஆண்டுகள் சென்றன. 2003 ஒக்தோபர் 15 இல் அமெரிக்காவின் லோவெல் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த பிரையன் ஸ்கிஃப் அதனை மீட்டார். ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்களே அது என்பதை ராடர் காட்டிற்று. பாதையைப் பின்னோக்கிக் கணித்தபோது வேறோர் உண்மையும் வெளிப்பட்டது: உலகம் போரில் மூழ்கியிருந்த 1942 ஏப்பிரிலில், ஹேர்மிஸ் முன்னையினும் அணித்தாக வந்து, எவரும் அறியாமலே அகன்றிருந்தது.

2004 இல் கண்டறியப்பட்ட அப்போபிஸின் வரலாறு இதனின் வேறானது. 2029 ஏப்பிரில் 13 இல் அது பூமியில் மோதக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு 2.7 வரை உயர்ந்ததாக அவ்வாண்டு டிசெம்பரில் கணிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சிலே எடுக்கப்பட்டு, கவனிக்கப்படாது கிடந்த படங்களில் அதன் உரு பின்னர்ப் புலப்பட்டது. அந்நாளில் மோதல் நேராது என்பது அதனாற் தெளிவாயிற்று. பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீற்றர் உயரத்தில் அது கடக்குமெனவும், இன்னும் நூறாண்டுக்கேனும் அதனால் இடரில்லையெனவும் 2021 ஆம் ஆண்டு ராடர் ஆய்வு உறுதிசெய்தது.

1942 இல் பூமி காக்கப்பட்டது தற்செயலால். அப்போபிஸைப் பற்றிய அச்சம் நீங்கியதோ பேணிவைத்த பழைய படங்களால். இன்று பயனற்றதாகத் தோன்றும் குறிப்பையும் அழியாது காத்தல் அறிஞர் கடனாகும்.