கசாட்டா பனிக்கூழ்

கசாட்டா பனிக்கூழ் என்பது இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த கசாட்டா என்னும் மரபு இனிப்பின் பெயரைத் தாங்கிய அடுக்குப் பனிக்கூழ் வகை ஆகும். இந்தியாவில் இது பெரும்பாலும் அரைவட்டத் துண்டாக விற்கப்படுகிறது. வெவ்வேறு நிறமுடைய பனிக்கூழ் அடுக்குகள், மெல்லிய கேக் படலம், விளிம்பில் தூவப்பட்ட பருப்புத் துண்டுகள் ஆகியன இதன் அடையாளங்கள். ஆயினும் மூல இனிப்பு பனிக்கூழ் அன்று. அது பாலாடைக்கட்டி நிரப்பிய கேக் ஆகும்.

பெயர்க் காரணம்

இச்சொல்லின் தோற்றம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. கிண்ணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. பாலாடைக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று.

மூல இனிப்பு

சிசிலித் தீவு 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அரபு ஆட்சியில் இருந்தது. கரும்பும் எலுமிச்சை இனப் பழங்களும் அக்காலத்தில் அங்கு பரவின. கசாட்டாவில் இவற்றின் தடத்தைக் காணலாம். ஆட்டுப்பாலில் செய்த ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியுடன் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, கேக் துண்டுகளுக்கு நடுவே நிரப்புவர். பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்த பச்சை நிறப் பூச்சால் சுற்றுப்புறத்தை மூடுவர். சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள் மேலே அடுக்கப்படும். இது சிறப்பாக உயிர்ப்பு ஞாயிறு விழாவுக்குரிய இனிப்பாகும்.

இதே பெயரில் பனிக்கூழ் அடுக்குகளைக் கிண்ண வடிவ அச்சில் உறையவைத்துச் செய்யும் வகையும் இத்தாலியில் உண்டு. அதன் நடுவே பாகில் ஊறிய பழத்துண்டுகள் கலந்த பாலேடு வைக்கப்படும். இந்தியக் கசாட்டா இந்த உறைந்த வகையையே ஒத்துள்ளது.

பனிக்கூழான பிற இத்தாலிய இனிப்புகள்

இத்தாலிய மொழியில் பனிக்கூழுக்கு ஜெலாட்டோ என்று பெயர். உறைந்தது என்பது அதன் பொருள். பொதுவான பனிக்கூழைவிட இதில் கொழுப்பும் காற்றும் குறைவு. மரபு இனிப்புகள் பல ஜெலாட்டோ சுவைகளாகவும் செய்யப்படுகின்றன.

- திராமிசு: காப்பியில் நனைத்த பிசுக்கோத்து, மசுக்கார்போனே பாலேடு, கொக்கோத் தூள்.
- சூப்பா இங்லேசே: மதுவில் ஊறிய கேக், முட்டைப் பாகு. பெயரின் பொருள் ஆங்கிலேய சூப் என்பதாகும். ஆனால் இது சூப் அன்று.
- கன்னோலி: பொரித்த மாவுக் குழலுக்குள் இனிப்பு ரிக்கோட்டா. இதுவும் சிசிலியைச் சேர்ந்தது.
- சபாயோனே: முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மார்சலா என்னும் சிசிலி மது.

உறையவைக்கும்போது நேரும் மாற்றங்கள்

ஓர் இனிப்பை அப்படியே உறையவைத்தால் அது நல்ல பனிக்கூழாவதில்லை. குளிர்ச்சியில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். எனவே சர்க்கரையின் அளவை மாற்ற வேண்டியுள்ளது. சர்க்கரையும் மதுவும் நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால், அளவு மிகுந்தால் பனிக்கூழ் இறுகாது. நீர் மிகுந்த பழத்துண்டுகள் பனிக்கட்டியாக இறுகிவிடும். பாகில் ஊறிய பழமோ மென்மையாகவே இருக்கும். மொறுமொறுப்பான மாவுத் துண்டுகள் ஈரத்தை உறிஞ்சி நமுத்துவிடும். அதனைத் தடுக்க அவற்றின்மீது சாக்கலேட்டுப் பூச்சு இடுவதுண்டு.

இந்தியாவில்

இந்தியக் கசாட்டாவில் பெரும்பாலும் ரிக்கோட்டா இல்லை. பாதாம் பூச்சும் இல்லை. பிசுத்தா, இசுட்ராபெரி, வனிலா போன்ற சுவைகள் அடுக்குகளாகின்றன. பாகில் ஊறிய பழங்களுக்கு மாற்றாக டூட்டி புரூட்டி சேர்க்கப்படுவதுண்டு. எல்லாப் பழங்களும் என்று பொருள்படும் இத்தாலியத் தொடரே இப்பெயர். ஆனால் இந்தியாவில் அது பெரும்பாலும் பப்பாளிக் காயை நறுக்கி, பாகில் ஊறவைத்து, நிறமூட்டிச் செய்யப்படுகிறது.

உள்ளூர்ப் பழங்களும் இதே தொழில்நுட்பத்தால் பனிக்கூழுக்குப் பயன்படுகின்றன. காவேரிப்பட்டினம் அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழகத்தின் முதன்மையான மாம்பழ விளைநிலங்களுள் ஒன்று. பெங்களூரா எனவும் கிளிமூக்கு எனவும் வழங்கும் மாம்பழம் இங்கு கூழாக்கப்பட்டுத் தகரக் கலன்களில் அடைக்கப்படுகிறது. பழமாக உறையவைத்தால் கட்டியாகும் மாம்பழம், கூழாகப் பாலுடனும் சர்க்கரையுடனும் கலக்கும்போது மென்மையாக உறைகிறது. பருவம் கடந்தும் கிடைக்கிறது.

சட்ட விதிகள்

கசாட்டா என்பது ஒரு வடிவத்தையும் அடுக்கு முறையையும் சுட்டும் பெயரே. உள்ளே இருப்பது என்ன என்பதை அப்பெயரால் அறிய இயலாது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு உணவுத் தர விதிமுறைகளின்படி, பனிக்கூழ் என விற்கப்படுவதில் குறைந்தது 10 விழுக்காடு பால் கொழுப்பு இருத்தல் வேண்டும். கொழுப்பு குறைந்த வகைகளுக்குத் தனி வரம்புகள் உள்ளன. தாவரக் கொழுப்பு சேர்ந்தது புரோசன் டெசர்ட் எனப்படும். அதனை உறையில் குறிப்பிடுதல் கட்டாயம். கேக் போன்ற தனி அடுக்கு இருப்பின், பனிக்கூழ்ப் பகுதி மட்டுமே இவ்வரம்புக்கு உட்படும்.

முட்டை சேர்ந்த கேக் இருந்தால் உறையில் பழுப்பு நிற அசைவக் குறி இடம்பெற வேண்டும். இல்லையெனில் பச்சைக் குறி இடம்பெறும். கேக்கில் கோதுமையும், மேலே பருப்புகளும் இருப்பதால், அவற்றுக்கு ஒவ்வாமை உடையோர் சேர்பொருள் பட்டியலைப் படித்தறிவது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

- பனிக்கூழ்
- குல்பி
- சிகர்தண்டா