வாள்வீச்சில் தொடங்கிய கழுத்து வைத்தியம்

கழுத்து வலி என்று பிசியோதெரபிஸ்டிடம் போனால் மோவாயை உள்ளே இழுக்கச் சொல்வார், தோளைச் சுழற்றச் சொல்வார். திடீரென்று, ஒரு காலில் நின்று கண்ணை மூடுங்கள் என்பார். வலி கழுத்தில், பரீட்சை காலுக்கு! கழுத்துப் பயிற்சியும் நிற்கும் நிதானத்துக்கான பரீட்சையும் இரு வேறு பாதைகளில் வந்து ஒரே அறைக்குள் சேர ஏறக்குறைய 200 ஆண்டுகள் பிடித்தன.

முதல் பாதை ஸ்வீடனில் ஒரு வாள்வீச்சு ஆசிரியரிடம் தொடங்குகிறது. பெர் ஹென்ரிக் லிங்குக்குக் கையில் வாத வலி. வாள் பழகப் பழக அது விட்டது என்பது கதை. அசைவே மருந்து என்று நம்பிய அவர், 1813-இல் ஸ்டாக்ஹோமில் மத்திய உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் ஐரோப்பிய நகரங்களில் பரவி, பிடித்துவிடுவதையும் அசைத்துவிடுவதையும் தொழிலாக்கினார்கள்.

தொழில் சூடுபிடித்தால் போலிகள் வராமல் இருப்பார்களா? 1890-களின் லண்டனில் சில மசாஜ் நிலையங்களின் பலகைக்குப் பின்னால் விபசாரம் நடந்தது. 1894-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதை அம்பலப்படுத்த, முறையாகத் தொழில் கற்ற பெண்களின் பெயரும் சேர்ந்து கெட்டது. அதே ஆண்டில் ரோசலிண்ட் பேஜட் உள்ளிட்ட நான்கு பெண்கள் சங்கம் அமைத்தார்கள். தேர்வு வைத்தார்கள், டாக்டர் சொன்னால்தான் சிகிச்சை என்று கறாராக விதி போட்டார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் வேர் அதுதான். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்த வைத்தியம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பாதை பெர்லினில் புறப்பட்டது. பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் ஒருவகை முதுகுத்தண்டு நோயாளிகள் தள்ளாடுவதை 1840-களில் மோரிட்ஸ் ரோம்பெர்க் எழுதிவைத்தார். 1940-களின் லண்டனில் காதார்ன், குக்சி என்ற இரு டாக்டர்கள், தலைசுற்றலுக்குத் தலையசைப்பும் பந்து விளையாட்டுமாகப் பயிற்சி வகுத்தார்கள். அவர்கள் குறிவைத்தது உட்காதை.

கழுத்து மாட்டிக்கொண்டது ஓர் ஊசியால். 1977-இல் டி யோங் குழுவினர் கழுத்தில் மரப்பு ஊசி போட்டுப் பார்த்தார்கள். காதில் கோளாறே இல்லாதவர்கள் ஊசி போட்ட பக்கமாகச் சரிந்து நடந்தார்கள்! 1991-இல் பிரான்சின் ரெவெல் குழுவினர் நோயாளியின் தலையில் விளக்கைப் பொருத்தி, 90 செ.மீ. தள்ளிக் குறிப்பலகை வைத்தார்கள். கண்ணைக் கட்டியபடி தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களின் ஒளிப்புள்ளி குறியைவிட்டு அதிகமாக விலகி நின்றது. கண்ணும் தலையும் இசைந்து இயங்கப் பழக்கியபோது அந்தப் பிழையும் குறைந்தது, வலியும் குறைந்தது. 1996-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் கார்ல்பெர்க் குழுவினர், கழுத்துக்குச் செய்த பிசியோதெரபியால் தலைசுற்றல் தணிந்து, நிற்கும் நிதானமும் கூடியதைக் காட்டினார்கள்.

காரணத்தின் ஒரு துண்டு நம் வேலூரில் கிடைத்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கருச்சிசுக்களின் பிடரித் தசைகளை நுண்ணோக்கியில் எண்ணி, 2001-இல் வெளியிட்டார்கள். மண்டையோட்டுக்குக் கீழுள்ள ஒரு சிறு தசையில், ஒரு கிராமுக்கு 242 உணரிகள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி சொல்பவை அவை. வலியில் இறுகிய தசை அந்தச் செய்தியைக் குழப்பினால் கால் தடுமாறுகிறது.

ஆனால் தலைசுற்றல் கழுத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை இன்றும் இல்லை. அதனால் காதையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து முடித்த பிறகே நல்ல பிசியோதெரபிஸ்ட் கழுத்தில் கை வைக்கிறார்.