சமரசத்திற்கு முன் பாதுகாப்பு

1983-ஆம் ஆண்டு நமக்கு இரண்டு சட்டங்களைத் தந்தது. கணவனோ அவன் உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவ்வாண்டு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் சட்டம், தன் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ மனத்தளவிலோ உடலளவிலோ பேராபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்றது. தாமதம் ஆபத்தெனில் ஆயரின் ஆணைக்குக் காத்திராமலே பிரியலாம் என்றும் கூறியது. முதற்சட்டத்தை நாம் அறிவோம். இரண்டாவதைப் பற்றி நம்மிடையே பேச்சே எழுவதில்லை.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது. அடிபட்டு வந்தவளிடம் பேசத் தெரிந்தவர் வேண்டும். அத்திறன் படிப்படியாகவே வளர்ந்தது. 1984-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் காவல்துறையோடு இணைந்து, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைக் காவல்துறை வளாகத்திலேயே அமர்த்தியது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2000-இல் மும்பை பாந்த்ராவின் அரசு சார் மருத்துவமனையொன்றில் 'திலாசா' மையம் தோன்றியது. காயத்திற்கு மருந்திடுவதோடு, காயம் வந்த விதத்தையும் கனிவோடு கேட்க அங்கே செவிலியர் பழகினர்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்பு அலுவலர் என்னும் பதவியை உருவாக்கியது. நடந்ததை உரிய படிவத்தில் பதிவது, மருத்துவ உதவிக்கும் இலவசச் சட்ட உதவிக்கும் வழி செய்வது, தங்குமிடம் தேடித் தருவது, அவளுடனே அமர்ந்து பாதுகாப்புத் திட்டம் வகுப்பது ஆகியவை அவர் பணி. ஆபத்தின் அளவை மதிப்பிடுவதும் ஒரு கலையே. அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் கேம்பெல் 1980-களில் வகுத்த வினாப்பட்டியல், அடி அடிக்கடி விழுகிறதா, கழுத்தை நெரித்தானா, கொல்வதாக மிரட்டினானா என்றெல்லாம் கேட்கிறது. கழுத்து நெரிப்பு வெளியே தழும்பின்றி மறையலாம். ஆனால் பின்னர் நேரும் கொலைக்கு அது முன்னறிகுறியாகலாம்.

ஆலோசகருக்கும் 2006-ஆம் ஆண்டு விதிகள் எல்லை வகுத்தன. வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே ஆலோசனையின் நோக்கம். அடித்ததற்குக் காரணம் சொல்லக் கணவனுக்கு அங்கே இடமில்லை. அதை அமர்வு தொடங்குமுன்பே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். "நீ என்னம்மா செய்தாய்?" என்று அவளிடமே விசாரணையைத் தொடங்கும் நம் ஊர்ப் பஞ்சாயத்து முறைக்கு இது நேர்மாறானது.

திருப்பூரில் இத்திறனுக்குத் தேவை மிகுதி. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்கள் பல. தாய்வீடு தொலைவில், ஓடிப்போய் நிற்க உறவினர் வாசல் இல்லை. பனியன் கம்பெனியில் அவளும் உழைக்கிறாள். ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் சில வீடுகளில் அவள் கையில் தங்குவதில்லை. மனைவியின் ஊதியத்தைப் பிடுங்குவதும் வன்முறையே என்று அச்சட்டத்தின் படிவம் வெளிப்படையாகக் கூறுகிறது. அடி விழாத வீட்டிலும் வன்முறை இருக்கக்கூடும் என்பதை நாம் இங்கே உணர வேண்டும்.

ஓவர்லாக் இயந்திரத்தில் அமரவும் இவ்வூரில் பழகியிருக்க வேண்டும். உயிரைக் காக்கும் பணிக்கு நல்ல மனம் மட்டும் போதுமா? பங்கில் நம்மை நாடி வருபவளைத் தனியே அமர்த்திக் கேட்போம்; கணவனை உடனழைத்து ஒரே மேசையில் சமரசம் பேச முனையாதிருப்போம். 2018 முதல் தமிழகத்தில் இயங்கும் 181 உதவி எண்ணையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையும் அவளுக்கு அறிமுகம் செய்வோம். முடிவு அவளுடையதாகவே இருக்கட்டும்.

வலுவற்ற துணைவரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு சில வேளைகளில் அறநெறிப்படியே தேவையாகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் 'அன்பின் மகிழ்வு' மடலில் எழுதினார். திருமணத்தின் புனிதத்தைப் போற்றும் நாம், அதன் பெயரால் எவரையும் ஆபத்துக்குள் திருப்பியனுப்பக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.