பீர்மேட்டுப் படமும் பின்வரிசையும்



சென்ற மாதம் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அகப்பட்டது. பின்புறம் என் தகப்பனாரின் கையெழுத்தில், "பீர்மேடு, ஸ்ரீராம நவமி, 1956" என்று மட்டும் இருந்தது. அப்போது எனக்கு வயது ஆறு.

எங்கள் பூர்வீகம் கல்பாத்தி. தகப்பனார் திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கத்தில் குமாஸ்தா. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த பீர்மேட்டில் கல்பாத்தியைப் போல் அக்ரஹாரம் கிடையாது. கச்சேரி, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று உத்தியோக நிமித்தம் வந்த ஏழெட்டுக் குடும்பங்கள்தான் எங்கள் கிராமம். ராம நவமிக்கு எங்கள் ஜாகை வாசலில் பஜனை நடக்கும். பானகம், நீர்மோர், வடைப்பருப்பு உண்டு.

அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தன. அதுவரை கல்பாத்தி சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவிலும், பீர்மேடு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. அன்று இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன. தகப்பனாருக்குச் சொந்த ஊரும் உத்தியோக ஊரும் ஒரே ராஜ்யமாயின. ஆனால் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி அவர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது பலிக்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் மட்டுமே சென்னைக்கு வந்தன. தோட்டத் தமிழர் பலருக்கு அது பெரிய ஏமாற்றம். கோட்டயம் ஜில்லாவில் இருந்த பீர்மேடு, 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி ஜில்லாவில் இருக்கிறது.

படத்தில் பதினெட்டுப் பேர். முன்வரிசையில் ஜமக்காளத்தில் அமர்ந்திருக்கும் ஏழு பேரை என்னால் சொல்ல முடிகிறது. பின்னால் நிற்கும் பதினொரு பேரும் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். விறகு பிளந்ததும், தண்ணீர் சுமந்ததும், பந்தல் போட்டதும் அவர்களே. படத்தில் நிற்கும் இடம்தான் அந்நாளைய வழக்கம் அவர்களுக்குக் கொடுத்த இடம்.

ஒருமுறை அம்மாவிடம், "இவாள்லாம் யாராக்கும்?" என்று கேட்டேன். ஒவ்வொருவர் பெயரையும், எந்த லயம் என்பதையும் கடகடவென்று சொன்னாள். "இவா இல்லேன்னா நமக்கு ராம நவமியே இல்லை" என்றாள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அம்மா 1998-ல் காலமானாள். பதினொரு பெயர்களும் அவளோடு போயின.

நான் ரசாயனம் படித்தவன். கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள். கழுவும்போது ஹைப்போ மிச்சமிருந்தால் வெள்ளி பழுப்பேறும். ஈரம் பட்டால் ஜெலட்டின் பூசணம் பிடிக்கும். ஆனாலும் எங்கள் படம் எழுபது வருஷம் தாங்கிவிட்டது. தாங்காதது ஞாபகம்தான்.

பம்பாயிலோ டில்லியிலோ உங்கள் அகத்து அலமாரியிலும் இப்படி ஒரு படம் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்களருகில் உட்காருங்கள். மெழுகுத் தன்மையில்லாத மென்மையான பென்சிலால், படத்தின் பின்புறம் அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். முன்வரிசையை எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்.