க்ளேயின் வயலின்

பால் க்ளேயைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் வயலின் வாசிப்பார் என்பதை ஒரு ருசிகரத் தகவலாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வயலின்தான் பிரச்னை.

1879ல் பெர்ன் அருகே பிறந்தவர். தகப்பனார் சங்கீத ஆசிரியர். சிறுவனாகவே நகர வாத்தியக் குழுவில் வாசித்திருக்கிறார். ம்யூனிக்கில் மனைவி லிலி பியானோ சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்க, க்ளே சமைத்தார், பிள்ளையை வளர்த்தார், மீதிப் பொழுதில் வரைந்தார். (குமாஸ்தா வேலைக்கு நடுவே எழுதுகிறவர்களுக்கு ஆறுதலான செய்தி.)

ஓவியத்தில் யாருக்கும் பின்தங்காத இந்த மனிதர் வாசிக்க எடுத்தது பாஹும் மோஸார்ட்டும். புதியதைக் கேட்காதவர் அல்ல. கைக்கு வந்தது பழையது. அவர் நண்பர் காண்டின்ஸ்கி 1911 ஜனவரியில் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, ‘இம்ப்ரெஷன் 3’ல் மஞ்சளை வாரிக் கொட்டினார். புதிய இசை, புதிய ஓவியம்: கணக்கு நேராகிவிடுகிறது. க்ளேயின் கணக்கு அப்படி நேராவதில்லை. புதுக்கவிதை எழுதிக்கொண்டு, சாயங்காலம் தியாகராஜ கீர்த்தனை கேட்கிறவனை நம்மிடையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்னையும் பார்த்திருக்கிறார்கள்.

க்ளே இசையிடமிருந்து எடுத்துக்கொண்டது உணர்ச்சியை அல்ல, அமைப்பை. பௌஹௌஸில் 1922ல் பாடம் நடத்துகையில், பாஹின் மூன்று குரல் பகுதி ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டினார். ஸ்வரம் மேலும் கீழும், காலம் இடமிருந்து வலம், அழுத்தத்துக்குக் கோட்டின் கனம். பேரேட்டில் பழகிய என் கண்ணுக்கு முதலில் அது லெட்ஜர் பக்கமாகத்தான் பட்டது. ஒன்றையொன்று அழிக்காமல் பல குரல்கள் ஒரே சமயத்தில் நகர்வது பிறகுதான் தெரிந்தது. பல்குரல் ஓவியம் இசையைவிட மேலானது, அதில் காலம் இடமாகிவிடுகிறது என்று 1917லேயே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இது ரசிகனின் பேச்சல்ல. வாசிக்கத் தெரிந்தவனின் பொறாமை.

1932ல் வரைந்த ‘அட் பர்னாஸும்’ என்ற தலைப்பே, ஃபூக்ஸ் 1725ல் எழுதிய பல்குரல் இலக்கணத்தை நினைவுபடுத்துவது. ஒரு மீட்டர் உயரம், ஒன்றேகால் மீட்டர் அகலம். அடியில் வர்ணச் சதுரங்கள், மேலே எண்ணி முடியாத சிறு புள்ளிகள், குறுக்கே கூரையோ மலையோ என்று சொல்ல முடியாத கோடு, ஓர் ஆரஞ்சுச் சூரியன். சதுரம் ஒரு குரல், புள்ளி ஒரு குரல், கோடு ஒரு குரல். நான் பார்த்தது அச்சுப் பிரதி; அதில் புள்ளிகள் கலங்கிவிடுகின்றன.

1933ல் நாஜிகள் வேலையைப் பறித்தார்கள். பெர்னுக்குத் திரும்பினார், 1935ல் நோய். இறந்த வருஷமான 1940ல் ‘முரசுக்காரன்’ என்றொரு படம். கறுத்த தடிக் கோடுகள், ஒரு கண், சிவப்பு. இங்கே பாஹ் எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.