பிலிப்பியர் 3:1: மகிழ்ச்சியும் கணக்கேடும்

பிலிப்பியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், கர்த்தருக்குள் சந்தோஷப்படுங்கள் என்ற அழைப்போடு தொடங்குகிறது. அடுத்த வசனத்திலேயே குரல் மாறிவிடுகிறது. எதிராளிகளை நாய்கள் என்கிறார் பவுல். எச்சரிக்கையாயிருங்கள் என்பதை ஒரே மூச்சில் மூன்று முறை சொல்கிறார். இந்தத் திருப்பம் படிப்பவரைத் திடுக்கிட வைப்பது உண்மை. இங்கே வேறொரு கடிதம் இடையில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று நவீன ஆய்வாளர் பலர் முடிவுகட்டியதற்கு இதுவே முதற்காரணம். பவுல் பிலிப்பியருக்கு எழுதியதைப் பற்றி இரண்டாம் நூற்றாண்டில் குறிப்பிட்ட பொலிக்கார்ப்பு, 'கடிதங்கள்' என்று பன்மையில் சொன்னதும் அவர்களுக்குத் துணையாயிற்று.

இந்த இடத்தில் ஒட்டு ஏதும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மகிழுங்கள் என்பதும் எச்சரிக்கையாயிருங்கள் என்பதும் ஒரே பேச்சின் இரு பக்கங்கள். மகிழ்ச்சியைப் பறிப்பது சிறையும் பாடும் அல்ல, தன் தகுதியின்மேல் வைக்கும் நம்பிக்கையே என்று பவுல் கருதினார். அதனால்தான் அழைப்பை அடுத்து எச்சரிக்கை வருகிறது.

மூலச்சொல்லிலிருந்து தொடங்குவோம். வசனத்தின் முதலில் நிற்கும் 'தோ லொய்ப்பொன்' என்ற கிரேக்கத் தொடரை 'முடிவாக' என்று கொண்டால் கடிதம் இங்கே முடியப்போகிறது என்றுதான் தோன்றும். ஆனால் 1 தெசலோனிக்கேயர் 4:1-இலும் இதே சொல் வருகிறது. அதன்பின் அந்தக் கடிதத்தில் ஏறத்தாழ இரண்டு அதிகாரங்கள் எஞ்சியிருக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு இங்கே 'மேலும்' என்றும், 4:8-இல் 'கடைசியாக' என்றும் பிரித்துக் காட்டியிருப்பது கூர்மையான வாசிப்பு. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கி.பி. 200-ஐ ஒட்டிய பாப்பிரஸ் 46 உட்பட, இன்று கிடைக்கும் எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் இந்நிருபம் துண்டுகளாக இல்லை.

அதைவிட வலுவான சான்று அவ்வசனத்தின் பிற்பாதியில் இருக்கிறது. எழுதியவற்றையே மறுபடி எழுதுவதில் தமக்குச் சலிப்பில்லை, அது அவர்களுக்கு 'அஸ்பலெஸ்' என்கிறார் பவுல். பழைய மொழிபெயர்ப்பு அதை 'நலம்' என்கிறது. ஆனால் அச்சொல் பாதுகாப்பை, இடறாத உறுதியைக் குறிப்பது. அப்படி மறுபடி எழுதப்பட்டது எது? முதல் இரண்டு அதிகாரங்களில் எதிராளிகளைப் பற்றிய பேச்சு குறைவு. மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சோ நிறைய. நான்கே அதிகாரம் கொண்ட நிருபத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் 16 முறை வருகின்றன. எனவே மறுபடி எழுதப்படுவது மகிழ்ச்சி என்று கொள்வதே இயல்பு. அப்படியானால் மகிழ்ச்சிதான் அரண். எந்தப் பகைக்கு எதிரான அரண் என்பதை அடுத்த வசனம் சொல்கிறது. பொருள் அறுபடாமல் ஓடுகிறது.

அந்தப் பகை என்ன? விருத்தசேதனம் போன்ற அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டால்தான் தேவனுடைய ஜனமாக நிறைவடைய முடியும் என்ற போதனை. அதற்கு மறுமொழியாகப் பவுல் தம் சொந்தப் பட்டியலை விரிக்கிறார்: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயருக்குப் பிறந்த எபிரெயர், பரிசேயர், பக்திவைராக்கியம், நியாயப்பிரமாண நீதியில் குற்றமின்மை. பிறப்பால் வந்தவை முன்னும் முயற்சியால் வந்தவை பின்னும் நிற்கும் இவ்வரிசை, பிலிப்பி நகரத்தாருக்குப் பழகியது. உரோமைப் படைவீரர் குடியேறிய அந்நகரில் பெரியமனிதர் தம் பதவிகளையும் பட்டங்களையும் கல்லில் வெட்டி நிறுத்துவது வழக்கம். அந்தக் கல்வெட்டுகளின் அமைப்பில் பவுலின் பட்டியலை வைத்துக் காட்டிய ஜோசப் ஹெல்லர்மனின் ஆய்வு (2005) எனக்கு முழுதும் ஏற்புடையது.

இங்கே நம் பிரசங்கங்கள் அடிக்கடி ஒரு தவறு செய்கின்றன. நியாயப்பிரமாணத்தின் கீழ் பவுல் துயரத்தில் துடித்தார், பிறகு விசுவாசத்தில் மகிழ்ந்தார் என்று கதை சொல்கிறோம். அது 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த லூத்தரின் கதை. எத்தனை நோன்பிருந்தும் எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறாதவர் அவர். பவுலின் கதை வேறு. அவருடைய மனச்சாட்சி திடமாக இருந்தது என்று கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963-இல் எழுதியதை இந்த அதிகாரமே மெய்ப்பிக்கிறது: குற்றஞ்சாட்டப்படாதவன் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். யூத சமயம் வெறும் கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கும் சமயம் அல்ல என்பதை 1977-இல் ஈ. பி. சாண்டர்ஸ் விரிவாக நிறுவினார். வேதத்தில் மனம்மகிழ்வது சங்கீதங்களின் உயிர்நாடி. ஆகவே யூதருக்கு மகிழ்ச்சியே இல்லை என்று சொல்லிக் கிறிஸ்தவ மகிழ்ச்சியை உயர்த்துவது அநியாயம், பிழையும்கூட.

பவுல் விட்டது தோல்வியை அல்ல, வெற்றியை. தமக்கு இலாபமாயிருந்தவற்றை நஷ்டமென்று எண்ணினேன் என்கிறார். இரண்டுமே வணிகக் கணக்கின் சொற்கள். வரவுப் பத்தியில் நின்ற அத்தனையும் பற்றுப் பத்திக்கு மாறுகின்றன. போதாக்குறைக்குக் குப்பை என்றும் சொல்லிவிடுகிறார். தோற்றவனுக்கு விசுவாசம் ஆறுதலாகத் தெரியும் என்பது எளிதில் விளங்கும். வென்றவனுக்கும் அது ஏன் தேவை? வெற்றியின்மேல் நிற்கிறவன் அதைக் காவல்காத்தே தீரவேண்டும். அடுத்தவனின் பட்டியலோடு ஒப்பிட்டபடியே இருக்கவேண்டும். அந்த மகிழ்ச்சிக்குத் தூக்கமில்லை.

ஒன்பதாம் வசனத்தின் 'பிஸ்திஸ் கிறிஸ்து' என்ற தொடருக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு 'கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசம்' என்கிறது. கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசமா, கிறிஸ்து காட்டிய உண்மைத்தன்மையா என்ற வழக்கு 1983-இல் ரிச்சர்ட் ஹேஸ் எழுதிய நூலுக்குப்பின் சூடுபிடித்து, இன்னும் தீரவில்லை. நான் பழைய பொருளின் பக்கமே நிற்கிறேன். ஆனால் 'பற்றும்' என்ற தமிழ்ச்சொல் இரு தரப்பையும் தொடுவதைக் கவனிக்கவேண்டும். பற்றுகிறவனுக்குப் பலம் பற்றப்படுவதிலிருந்து வருகிறது. கொடி தன் தண்டின் வலிமையால் நிற்பதில்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் விசுவாசமே இன்னொரு சாதனையாகிவிடும். நோய் தீராதவரிடம், உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. இதைக் கேட்டுக் கூனிக்குறுகிய முகங்களைப் பார்த்திருக்கிறேன். இது பட்டியலின் பழைய நோயே. விருத்தசேதனம் இருந்த இடத்தில் விசுவாசத்தின் அளவு வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பவுலோ 1:29-இல், விசுவாசிப்பதே அருளப்பட்டது என்கிறார். அருளைக் குறிக்கும் 'காரிஸ்', மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா' இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஓர் ஆட்சேபம் எழலாம். மகிழ்ச்சிதான் இவ்வதிகாரத்தின் அச்சு என்றால், முதல் வசனத்துக்குப்பின் அச்சொல் இங்கே ஏன் ஒருமுறைகூட வரவில்லை? பதினெட்டாம் வசனத்தில் பவுல் அழுதுகொண்டே எழுதுகிறாரே? கண்ணீரும் இம்மகிழ்ச்சியும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதே என் மறுமொழி. இன்னும் அடையவில்லை, தொடர்கிறேன் என்று பந்தய ஓட்டக்காரனைப்போல் அவர் பேசுவதும் இங்கேதான். கணக்கைக் கைவிட்டவர் ஓட்டத்தைக் கைவிடவில்லை.

சொல் இல்லாவிட்டாலும் அதன் விளைவு நான்காம் அதிகாரத்தில் தெரிகிறது. பிலிப்பியர் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த காணிக்கைக்கு நன்றி சொல்லும்போது பவுல் மறுபடி கணக்கேட்டைத் திறக்கிறார். 4:18-இல் அவர் எழுதும் 'அப்பெகோ', பெற்றுக்கொண்டேன் என்று வணிகரின் ரசீதுகளில் காணப்படும் சொல். அதற்கு முந்திய வசனத்தில், தாம் நாடுவது காணிக்கையை அல்ல, அவர்கள் கணக்கில் பெருகும் பலனையே என்கிறார். தம் பத்தியை வெறுமையாக்கிவிட்ட அந்தச் சிறைவாசி, இப்போது பிலிப்பியரின் வரவைக் கூட்டிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கிறார்.