நாயோடு முதியோரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

திம்புள்ள பக்கத்து முதியோர் இல்லமொன்றுக்குச் சனிக்கிழமைகளில் என் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஜாதி நாயல்ல, எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், ஏழு வயது. முதல் நாள் அங்கிருந்த அம்மாயி ஒருவர் அவனைக் கண்டதும் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். "கிட்ட கொண்டாராத புள்ள" என்றார். அவனை வெளித் திண்ணையிலேயே உட்காரவைத்தேன்.

1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009க்குப் பிறகு தனியாளாக மலைக்குத் திரும்பினார். அங்கே இரவில் நாய் குரைத்தால் யாரும் தூங்கமாட்டார்கள் என்று பிறகொரு நாள் சொன்னார். வேலியோரம் யாரோ நடக்கிறார்கள். யாரென்று விடிந்த பிறகுதான் தெரியும். வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் நாயைக் கூட்டிச்செல்லும் தொண்டு பேர்பெற்றதும் ஒரு போரில்தான். 1944இல் நியூகினியில் கண்டெடுக்கப்பட்ட ஸ்மோக்கி என்ற பெண் நாய் இரண்டு கிலோ எடைகூட இல்லாதது. அதை வளர்த்த அமெரிக்கச் சிப்பாய் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரைப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். தாதியர் அதைக் காயப்பட்ட மற்றச் சிப்பாய்களின் கட்டில்களுக்கும் எடுத்துச் சென்றார்கள். பிரித்தானியாவில் 'பெட்ஸ் அஸ் தெரபி' அமைப்பு 1983இல் தொடங்கியது. ஆசியாவில் ஜில் ரொபின்சன் 1991இல் மக்ஸ் என்ற தன் நாயோடு ஹொங்கொங்கில் 'டொக்டர் டோக்' திட்டத்தை ஆரம்பித்தார்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் 45 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு வாரம், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் நாய் வந்துபோனவர்களிடம் தனிமை உணர்வு குறைந்தது. வாரம் ஒருமுறை வந்தாலே போதுமாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வுக்கு முன்வந்தவர்கள் முன்பு செல்லப்பிராணியோடு நெருங்கி வாழ்ந்தவர்கள். மீண்டும் ஒன்று வேண்டுமென்று ஏங்கியவர்கள். போர்வையை இழுத்துக்கொண்ட அம்மாயிக்கு அந்த முடிவு பொருந்தாது. எனவே வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். போன வாரம் சரி என்றவரிடமும் இந்த வாரம் மறுபடி கேளுங்கள். படுத்த படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

இலங்கையில் எந்த இல்லத்திலும் முதலில் வரும் கேள்வி விசர்நாய்க்கடி. 1973இல் மட்டும் 377 பேரை அந்நோய்க்குக் கொடுத்த நாடு இது. இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தாலும் நோய் ஒழியவில்லை. வருடாந்தத் தடுப்பூசி போட்ட பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். சிறு கீறல் பட்டாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூச்சி மருந்து, வெட்டிய நகம், முதல்நாள் குளிப்பு ஆகியவை கட்டாயம். பச்சை இறைச்சி தின்னும் நாய் கிருமியைக் காவிவரலாம், கூட்டிப்போக வேண்டாம். ஆறாத புண் உள்ளவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் தாதியிடம் கேட்காமல் கிட்டப் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று அட்டை. மழைக்காலத்தில் தேயிலைக்குள்ளால் நடந்துவரும் நாயின் விரலிடுக்கில் அது ஒட்டியிருக்கும். ஒருமுறை நான் பார்க்கத் தவறிவிட்டேன். வெள்ளைத் தரையில் வரிசையாக இரத்தக் கால்தடம். நாயைப் பற்றிக் கவலையே இல்லாத ஒரு தாத்தா அதைக் கண்டு நடுங்கத் தொடங்கினார். அன்றைய வருகையை அத்தோடு முடித்துக்கொண்டேன். இப்போது உப்புப் பொட்டலமும் பழந்துணியும் இல்லாமல் கிளம்புவதில்லை.

சொன்னதைக் கேட்கும் நாய் என்பது மட்டும் போதாது. பின்னால் தகரக் கோப்பையைத் தரையில் போட்டுப் பாருங்கள். காதைச் சற்று அழுத்திப் பிடித்துப் பாருங்கள். திடுக்கிட்டாலும் உடனே சமாளித்துக்கொள்கிற நாய் போகலாம். உறுமுகிற நாய் வீட்டில் இருக்கட்டும், அது அதன் பிழையல்ல. தீபாவளி வெடி நாட்களில் மணியை நான் கூட்டிப்போவதில்லை. அவனுக்கும் ஆகாது, அங்கிருப்பவர்களுக்கும் ஆகாது. நாயும் களைக்கும். தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டால், உதட்டை அடிக்கடி நக்கினால், முகத்தைத் திருப்பினால், அரை மணி ஆகாவிட்டாலும் வெளியே வந்துவிடுங்கள்.

அம்மாயிக்காக மணி பதினொரு வாரம் திண்ணையில் இருந்தான். பன்னிரண்டாவது வாரம் அவராகவே பேசினார். கிளிநொச்சியில் அவரிடமும் ஒரு நாய் இருந்திருக்கிறது. கடைசி இடப்பெயர்வில் உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் வெகுதூரம் ஓடிவந்ததாம். பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றுவரை அவர் மணியைத் தொட்டதில்லை. தேநீரோடு கொடுக்கும் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துவைத்து என்னிடம் தருவார். போன மாதம் கீழ் லயத்து நாயொன்றைச் சிறுத்தை தூக்கிப்போன செய்தி இல்லத்துக்கும் எட்டியிருந்தது. நான் படியேறும் முன்பே கட்டிலில் இருந்து குரல் வந்தது: "ராவுல அவன உள்ள போட்டுப் பூட்டுறியா புள்ள?"